‘வாங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

அமெரிக்காவில் உங்களுக்கு நூறு ஏக்கர் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நினைத்துப் பார்ப்பதற்கு அங்கே இன்னும் வரி போடவில்லை. நிலத்தின் ஓரமாக 2,000 அடி நீளத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி, மேடு பள்ளம் தட்டி, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று காட்டும் ஆரஞ்சு நிறத் துணிப்பையை ஒரு கம்பத்தில் கட்டி வைத்திருக்கிறீர்கள். உங்களுடைய பழைய இரண்டு இருக்கை விமானம் அதில் ஏறி இறங்குகிறது. ஒருநாள் முன்பின் தெரியாத பைலட் ஒருவர் போனில் கூப்பிட்டு, உங்கள் புல்லில் ஒரு தடவை இறங்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

இந்த இடத்தில் நாக்கை அடக்குங்கள். “இறங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லி போனை வைத்தால் பிழைத்தீர்கள். “அட, கட்டாயம் வாங்க, காபி குடிச்சிட்டுப் போகலாம்” என்று மனிதத்தனமாக ஒரு வார்த்தை சொன்னால் தொலைந்தீர்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் கலிபோர்னியா சிவில் சட்டத் தொகுப்பின் 846-ஆம் பிரிவைப் படிக்கட்டும். நிலக்காரரைக் காப்பாற்றுவதற்காகவே எழுதப்பட்ட பிரிவு அது. பொழுதுபோக்குக்காக உங்கள் நிலத்துக்குள் வந்தவருக்காக அந்த நிலத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமை உங்களுக்கு இல்லை என்கிறது. எதெல்லாம் பொழுதுபோக்கு என்று பட்டியலும் போட்டிருக்கிறார்கள்: மீன் பிடித்தல், வேட்டை, குகைக்குள் நுழைதல், பாராசூட்டில் குதித்தல், கல் பொறுக்குதல், பொழுதுபோக்குத் தோட்டவேலை, அறுத்த வயலில் சிந்தியதைப் பொறுக்குதல், அப்புறம் ‘இயற்கையோடு தொடர்புகொள்ளுதல்’. அது என்ன வேலை என்று சட்டம் விளக்கவில்லை. மரத்தைக் கட்டிப்பிடிப்பதாக இருக்கலாம். லாபநோக்கம் இல்லாத தனியார் விமானப் பறத்தல் இந்த வரிசையில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

கொடுத்த கையோடு மூன்று இடங்களில் திருப்பிப் பிடுங்கிக்கொள்கிறார்கள். ஆபத்து இருப்பது தெரிந்தும் வேண்டுமென்றே எச்சரிக்காமல் விட்டால் பாதுகாப்பு கிடையாது. நியாயம்தான். காசு வாங்கிக்கொண்டு அனுமதித்திருந்தால் கிடையாது. சரி, போகட்டும். மூன்றாவதுதான் மாணிக்கம்: வந்தவர் வெறுமனே அனுமதிக்கப்பட்டவராக இல்லாமல், வெளிப்படையாக அழைக்கப்பட்டவராக இருந்தால் கிடையாது. வேண்டா வெறுப்பாகத் தலையாட்டியவனுக்குக் கேடயம், வாய் நிறைய வரவேற்றவனுக்கு சம்மன். வாசலில் வந்து நின்றவரை “வாங்க” என்று சொல்லாமல் விட்டால் தலைமுறைக்கும் பேசித் தீர்க்கிற ஊர்க்காரர்கள் நாம். அங்கே அதைச் சொல்லித்தான் சொத்தை இழக்க வேண்டும்.

இந்தப் புத்திசாலித்தனம் கலிபோர்னியாவில் மட்டும் முளைத்ததில்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போன பழைய பொதுச் சட்டத்திலேயே விதை இருக்கிறது. நிலத்துக்குள் கால் வைப்பவர்களை அது மூன்று சாதியாகப் பிரித்தது. அத்துமீறி நுழைந்தவன் ஒருவன். அவனுக்குப் பொறி வைக்காமல் இருந்தால் போதும். அனுமதியோடு வந்தவர் அடுத்தவர். உங்களுக்குத் தெரிந்த, அவர் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை அவரிடம் சொல்லிவிட வேண்டும். வியாபாரத்துக்காகவோ ஊரறிய அழைத்தோ வரவழைக்கப்பட்டவர் மூன்றாமவர். அவர் வருவதற்கு முன்னால் உங்களுக்கே தெரியாத ஆபத்தையும் நீங்கள் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்திருக்க வேண்டும். நேற்று ராத்திரி வளை எலி தோண்டிய குழி உட்பட. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றுவட்டாரத்து பைலட்டுகளை எல்லாம் அழைத்து பான்கேக் சுட்டுப் போடும் பழக்கம் அமெரிக்கச் சிறு விமானத் திடல்களில் உண்டு. அந்தப் பான்கேக்கைத் தின்ன வருபவர் இந்த மூன்றாம் சாதியில் சேர்வாரா என்று வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடலாம். மணிக்கணக்கில்தான் அவர்களுக்குக் கூலியும். மொத்தத்தில் நிலக்காரருக்கு அதிகச் செலவு வைக்காத விருந்தாளி, சொல்லாமல் கொள்ளாமல் வேலி தாண்டி வருகிறவன்தான்.

கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1968-இல் இந்த மூன்று சாதிகளையும் ஒழித்தது. எதை வைத்து? வாடகை வீட்டுக்கு விருந்துக்கு வந்த ஒருவர் குளியலறைக் குழாயைத் திருக, உடைந்திருந்த பீங்கான் கைப்பிடி கையைக் கிழித்துவிட்டது. விருந்துக்கு அழைத்த பெண்மணி மேல் வழக்குப் போட்டார். அந்த அம்மாள் குழாய் உடைந்திருப்பதை வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லியிருந்தார், வந்தவரிடம் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் ஒரே அளவுகோல், நியாயமான மனிதர் எப்படி நடந்திருப்பாரோ அப்படி நடக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நியாயமான மனிதர் எப்படி நடந்திருப்பார் என்பது, பாவம், நியாயமான மனிதருக்கே வழக்கு முடிந்த பிறகுதான் தெரியும்.

இனி இறங்குகிறவர் பக்கம் வருவோம். அமெரிக்கக் கூட்டாட்சி விமான விதிகளில் 91.3 என்று ஒன்று இருக்கிறது. விமானத்தை இயக்குவதில் நேரடிப் பொறுப்பும் இறுதி அதிகாரமும் அதை ஓட்டும் தலைமை விமானிக்கே என்கிறது. 91.103 இன்னும் ஒரு படி மேலே போகிறது: கிளம்புவதற்கு முன்பே, இறங்கப்போகும் ஓடுதளத்தின் நீளம் உட்பட, கிடைக்கும் தகவல் அனைத்தையும் அவர் அறிந்திருக்க வேண்டும். அவர் மடியில் இருக்கும் வரைபடத்தில் உங்கள் புல்வெளி ஒரு வட்டம், அதற்குள் ‘ஆர்’ என்ற எழுத்து. தனியார் இடம், அனுமதி வாங்கினாலோ அவசரம் என்றாலோ தவிர இறங்காதே என்று அதற்குப் பொருள். அதாவது மூவாயிரம் அடி உயரத்தில் இவர் சக்கரவர்த்தி. கட்டுப்பாட்டு அறையே ஒன்று சொன்னாலும் ஆபத்தென்றால் மீறும் உரிமை அவருக்குண்டு. சக்கரம் உங்கள் புல்லைத் தொட்டு வழுக்கிய அந்த விநாடியில் சக்கரவர்த்தி தவழும் குழந்தையாகிவிடுகிறார். புல் ஈரமாக இருந்ததை யாரும் சொல்லவில்லையே என்று அழுகிறார். ஆகாயத்தில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரிந்த மின்கம்பி, கோர்ட்டில் ஏறும்போது நீங்கள் மறைத்து வைத்த பொறியாகிறது.

பெரும்பாலும் அவர் அழுவதுகூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பைலட்டுகளில் நல்லவர்களே அதிகம். வழுக்கினால் வெட்கத்தோடு சிரித்து, டிராக்டர் கொண்டு இழுத்துவிடச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள். அவர் பெயரில் அழுவதற்கு ஆள் இருக்கிறது. உடைந்த விமானத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கிறது. கொடுத்த மறுகணமே அவருடைய உரிமை எல்லாம் கம்பெனிக்குக் கைமாறிவிடும். அப்புறம் அவருடைய செருப்புக்குள் தன் காலை நுழைத்துக்கொண்டு கம்பெனி உங்கள் வாசலுக்கு வந்து, கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறது. ஆள் இறந்துபோனால் மனைவி மக்கள் சார்பில் வேறொரு வக்கீல். ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு, தோற்றால் பீஸ் இல்லை என்ற ஏற்பாட்டில் வருகிறவர். அந்த மனைவியை நான் குறை சொல்ல மாட்டேன். குழந்தைகளை வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணுக்கு ஆறுதல் தரும் ஒரே அரசு அலுவலகம் நீதிமன்றம்தான் என்று ஆக்கி வைத்திருக்கும் நாட்டில், அவள் வேறு எங்கே போவாள்? வழக்குத் தாளில் தன் பெயர் இருப்பதே சில சமயம் பைலட்டுக்குத் தெரியாது. நேற்று சேர்ந்து காபி குடித்தவர்கள் இன்று வாதியும் பிரதிவாதியும்.

உங்களிடமும் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். பண்ணைக் காப்பீட்டுப் பத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். மாடு முட்டினால் உண்டு, நாய் கடித்தால் உண்டு, வைக்கோல் போர் சரிந்தால் உண்டு. விமானம் என்ற சொல் வந்ததும் ‘நீங்கலாக’ என்ற சொல்லும் கூடவே வரும். பெரும்பாலான பண்ணைப் பத்திரங்களில் இதுதான் நிலை. அதற்கென்று தனியாக விமானத் திடல் பாலிசி வாங்க வேண்டும். வாங்கினால், நாளைக்கு வக்கீல் உங்களைத் தேடி வருவதற்கு அந்தப் பாலிசியே முகவரிச் சீட்டு. வாங்காவிட்டால் உங்கள் நிலம். பயத்தை உண்டாக்கும் தொழிலும் பயத்துக்கு மருந்து விற்கும் தொழிலும் ஒரே தெருவில் எதிரெதிர்க் கடைகளாக நடக்கின்றன. இரண்டு கடைக்கும் வாடிக்கையாளர் நீங்கள் ஒருவரே.

கையெழுத்து வாங்கிக்கொண்டால்? ‘எனக்கு என்ன ஆனாலும் நிலக்காரர் பொறுப்பில்லை’ என்று எழுதி வாங்கலாம். வர்ஜீனியாவில் அந்தத் தாளை மடித்து ஆடும் மேசைக் காலுக்கு அடியில் வைக்கலாம். உடல் காயத்துக்கு முன்கூட்டியே எழுதி வாங்கும் விடுவிப்பு பொதுநலக் கொள்கைக்கு விரோதம், செல்லாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1992-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உண்டியல் வைத்து, புல் வெட்டும் டீசலுக்கு ஐந்து டாலர் போடச் சொன்னால்? அது கட்டணம்தான் என்று நிரூபிக்க எதிர்த்தரப்பு வக்கீல் உண்டியலையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்.

சரி, வேண்டவே வேண்டாம், யாரையும் இறங்க விடமாட்டேன் என்கிறீர்களா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. வெர்மான்ட் மாநிலத்துச் சாம்ப்ளேன் ஏரியில் புயலில் சிக்கிய ஒரு குடும்பம், ஒரு தனியார் தீவின் படகுத்துறையில் தங்கள் பாய்மரப் படகைக் கட்டியது. தீவுக்காரரின் வேலையாள் கயிற்றை அவிழ்த்துவிட்டான். படகு கரையில் மோதி நொறுங்கியது, உள்ளே இருந்தவர்கள் காயம்பட்டார்கள். உயிர் போகிற அவசரத்தில் அடுத்தவன் இடத்தில் ஒதுங்கியவனை விரட்டக் கூடாது, விரட்டினால் அதன் விளைவுக்குத் தீவுக்காரர் பொறுப்பு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1908-இல் சொன்னது. அருமையான தீர்ப்பு, மனிதாபிமானமுள்ள தீர்ப்பு, நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். இன்ஜின் நின்றுபோனவனைத் தடுத்தால் நீங்கள் குற்றவாளி. இன்ஜின் ஓடுகிறவனை வரவேற்றாலும் குற்றவாளி ஆகலாம்.

தடுக்கப் பார்த்த ஒருவர் நிஜமாகவே இருந்தார். 1983-இல் நியூ மெக்சிகோவில் ஒரு சிறு விமானத் திடல். விளம்பரப் படம் எடுப்பதற்காக, பழைய பைப்பர் விமானத்தின் முன்புறம் கேமராவைப் பொருத்திவிட்டு, பின்னிருக்கையில் உட்கார்ந்தபடி ஒரு பைலட் கிளம்பப் பார்த்தார். அவரைக் கிளம்பவிடாமல் செய்யத் திடல்காரர் ஒரு வேனைக் கொண்டுவந்து ஓடுதளத்தில் நிறுத்தினார். வால் தரையிலும் மூக்கு வானத்திலுமாக இருக்கும் விமானம் அது. பின்னிருக்கையிலிருந்து முன்னால் நிற்பது தெரியாது. வேனில் மோதி, பைலட்டுக்கு மூளையில் கடுமையான காயம். வழக்கில் சிக்கிய பெரிய மீன் யார் தெரியுமா? விமானத்தைச் செய்த பைப்பர் கம்பெனி. முன்னால் பார்க்க வசதியில்லாமல் வடிவமைத்தார்களாம், பின்னிருக்கைக்குத் தோள் பட்டை வைக்கவில்லையாம். வழக்கு 1993 வரை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இழுத்தது. நடுவில் 1991-இல் பைப்பர் திவால் மனுப் போட்டது. ஒரே வழக்கால் வந்த திவால் இல்லை அது, ஆனாலும் சிறு விமானத் தொழில் முழுவதும் அப்போது இந்த ஜுரத்தில்தான் கிடந்தது. செஸ்னா கம்பெனி 1986-லேயே பிஸ்டன் இன்ஜின் விமானங்கள் செய்வதை நிறுத்திவிட்டது, காரணம் வழக்குச் செலவு என்று சொன்னது.

கம்பெனிகள் அழுதால் வாஷிங்டனுக்குக் காது கேட்கும். 1994 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் கையெழுத்தில் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. இருபதுக்கும் குறைவான பயணிகள் இருக்கை கொண்ட சிறு விமானம் விற்று 18 ஆண்டு தாண்டிவிட்டால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அதைச் செய்த கம்பெனி மேல் வழக்குப் போட முடியாது. 50 மாநிலங்களுக்கும் ஒரே சட்டம், ஒரே கையெழுத்து. செஸ்னா கான்சஸில் புதுத் தொழிற்சாலை திறந்து மறுபடியும் விமானம் செய்யத் தொடங்கியது. நல்ல விஷயம், வேலை கிடைத்தது, யாரும் அதை மறுக்கவில்லை.

இப்போது வக்கீலின் மேசைக்குப் போவோம். புல் ஓடுதளங்களில் இறங்கும் விமானங்களில் பெரும்பகுதி அந்த 18 வயதை எப்போதோ தாண்டிய கிழங்கள். விபத்து நடந்ததும் முதலில் தேடும் பை, கம்பெனியின் பை, சட்டப்படி தைத்து மூடியாகிவிட்டது. பைலட் இறந்துபோயிருக்கலாம், அல்லது அவரிடம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். கண்ணெதிரே பட்டா நிலம், வீடு, டிராக்டர். கம்பெனியை நோக்கி வந்த அம்பைத் திருப்பிவிட்ட நாடாளுமன்றம், அது எங்கே போய்த் தைக்கும் என்று பார்க்கவில்லை. மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்களே, இங்கே குடத்தை உடைக்கவே உடைக்காதவன் தலையில் கட்டுகிறார்கள்.

நிலக்காரருக்கு என்ன கிடைத்தது? பொழுதுபோக்கு நிலப் பயன்பாட்டுச் சட்டம் என்று ஒன்று 50 மாநிலங்களிலும் இருக்கிறது. 1953-இல் மிச்சிகன் தொடங்கி வைத்தது. 1965-இல் மாநில அரசுகளின் கவுன்சில் ஒரு மாதிரிச் சட்டம் எழுதிக் கொடுத்தது. நீங்கள் காசு வாங்காமல் நிலத்தைத் திறந்துவிட்டால், வேண்டுமென்றே கெடுதல் செய்தால் தவிர, உங்கள் மேல் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். வேட்டை, நீச்சல், சுற்றுலாச் சாப்பாடு, நீர்ச்சறுக்கு என்று அந்த மாதிரியிலும் ஒரு பட்டியல். ரைட் சகோதரர்கள் பறந்து 62 ஆண்டு கழித்து எழுதிய பட்டியலில் விமானம் இல்லை. நீரில் சறுக்குவது நினைவுக்கு வந்தவர்களுக்கு வானம் நினைவுக்கு வரவில்லை. துப்பாக்கியோடு உங்கள் நிலத்தில் திரிகிறவன் தெளிவாகப் பட்டியலுக்குள். புல்லில் விமானத்தை இறக்குகிறவன் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்பதற்கு ஒரு வழக்கு வேண்டும். அந்த வழக்குக்கு ஒரு நிலக்காரர் வேண்டும். அந்த நிலக்காரர் நீங்கள்.

ஆகவே கம்பெனிகள் ஒரே கையெழுத்தில் வாங்கியதை நிலக்காரர்களுக்காக ஐம்பது கதவு தட்டி வாங்க வேண்டியிருக்கிறது. 2003-இல் மொன்டானா பைலட்டுகள் சிலர் சேர்ந்து பொழுதுபோக்கு விமான அறக்கட்டளை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தொண்டர்கள்தான். மாநிலம் மாநிலமாகப் போய், உங்கள் பட்டியலில் ‘விமானப் பறத்தல்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள் என்று கேட்கிறார்கள். மொன்டானா சேர்த்திருக்கிறது, ஐடஹோ சேர்த்திருக்கிறது, வாஷிங்டன் மாநிலத்தில் பாராகிளைடர் வரைக்கும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மசோதா, ஒரு குழு, ஒரு விசாரணை, ஒரு வாக்கெடுப்பு. ஒரு சொல்லுக்கு.

கேடயம் கிடைத்த பிறகும் அம்பு நிற்பதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதை நீதிமன்றத்தில் போய்த்தான் சொல்ல வேண்டும். சொல்ல வக்கீல் வேண்டும். கலிபோர்னியா இதை யோசித்து, 846-இன் வாலில் 846.1 என்று ஒட்டியிருக்கிறது: இப்படிப்பட்ட வழக்கில் ஜெயித்த நிலக்காரர் தன் வக்கீல் செலவை அரசிடம் கேட்கலாம், உச்சவரம்பு 25,000 டாலர். ஜெயித்தவருக்கே இந்த ஏற்பாடு தேவைப்படுகிறது என்று சட்டமன்றமே ஒப்புக்கொண்டு எழுதிய வாக்குமூலம் அது. ஜெயிப்பதற்கு ஆகும் செலவில் தோற்றுப்போகலாம் என்று கணக்குப் பார்த்துச் சமரசத்தில் பணம் கொடுத்தவர்களை எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் பார்க்க முடியாது.

இத்தனைக்கும் தொடக்கத்தில் சட்டம் நிலக்காரர் பக்கம்தான் நின்றது. கீய் என்ற பலூன்காரர் நியூயார்க்கில் பறந்துபோய் ஒருவருடைய தோட்டத்தில் விழுந்தார். உருளைக்கிழங்குப் பாத்தியிலும் முள்ளங்கிப் பாத்தியிலும் பலூன் இழுபட்டது. அவரைக் காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் இருநூறு பேருக்கு மேல் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து மிச்சம் இருந்ததையும் மிதித்தார்கள். பலூன் செய்த சேதம் சுமார் 15 டாலர். கூட்டம் மிதித்ததையும் சேர்த்து 90 டாலர் பலூன்காரரே கொடுக்க வேண்டும் என்று 1822-இல் தீர்ப்பு. எங்கே இறங்குவோம் என்று தெரியாத ஒன்றில் ஏறியவன், இறங்கிய இடத்தில் கூட்டம் கூடும் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்றார்கள். குதிரை வண்டிக் காலத்து நீதிபதிகளுக்கு இது புரிந்திருக்கிறது. மேலிருந்து வருகிறவன்தான் வரலாமா என்று யோசிக்க வேண்டும், கீழே முள்ளங்கி போட்டவன் யோசிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமானத் திடல்கள் சுமார் 5,000. தனியார் திடல்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். காட்டுத்தீயின்போதும் வெள்ளத்தின்போதும் இன்ஜின் இருமும்போதும் ஒதுங்க இடம் தருகிறவை அவை. அவற்றில் ஒன்றைப் புதிதாக அமைக்க 90 நாள் முன்னால் கூட்டாட்சி விமான நிர்வாகத்துக்குப் படிவம் அனுப்ப வேண்டும். மூடுவதற்கு ஒரு சங்கிலியும் ஒரு பூட்டும் போதும். வக்கீலைக் கேட்டால் பூட்டு என்பார், இன்சூரன்ஸ்காரரைக் கேட்டாலும் பூட்டு என்பார். விமானத் தொழிற்சாலை மூடினால் வேலை போனவர்கள் வாக்குச்சாவடியில் வந்து நிற்பார்கள். புல் ஓடுதளம் மூடினால் புல் வளரும், அவ்வளவுதான். எந்த எம்.பி.யின் தூக்கமும் கெடாது.

ஓடுதளத்தின் குறுக்கே கம்பி கட்டி வைத்துவிட்டுச் சும்மா இருந்தவனைத் தண்டியுங்கள், நடுவில் குழி இருப்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இறங்கச் சொன்னவனைத் தண்டியுங்கள், அவர்களுக்காக நான் ஒரு வரி எழுத மாட்டேன். மற்றபடி, விமானத்துக்குப் பொறுப்பு அதை ஓட்டுகிறவர் என்று 91.3 ஏற்கெனவே சொல்வதைச் சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் செல்லும்படி ஆக்க ஒரு கூட்டாட்சிச் சட்டம் போதும். 1994-இல் கம்பெனிகளுக்கு அப்படி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். நிலக்காரருக்கு இன்றுவரை செய்யவில்லை.